சி ஷிப்ட் முடிந்த ஞாயிறு

பூந்தமல்லியில் காஞ்சிபுரம் பஸ் கிளம்பியபோது மணி ஐந்தே முக்கால். மார்கழி என்பதால் கண்டக்டர் மப்ளரைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார். "பென்னலூர் ஒண்ணு" என்றேன். "காலேஜ் ஸ்டாப்பா, ஊரா?" என்று கேட்டார். ஊர். டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் ரேடியோவை எடுத்து ஒயரைக் காதில் செருகிக்கொண்டேன்.

நசரத்பேட்டை தாண்டும்போது மணி ஆறு. ரேடியோவில் நான் வந்தேன்.

கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம் இது. ஞாயிறுதோறும் காலை ஆறு முதல் எட்டு வரை ஒரு பண்பலை நிலையத்தில் பாட்டுப் போடுகிறேன். எல்லாம் மெலடி. வாரத்தின் மற்ற ஆறு நாளும் பிழைப்பு வேறு. வழக்கமாக நேரலைதான். இந்த வாரம் வெளியூர் வேலை என்று சொல்லி வெள்ளிக்கிழமையே பதிவு செய்து கொடுத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் என் நிகழ்ச்சியை நான் ஒருமுறைகூட ஒளிபரப்பாகும் நேரத்தில் கேட்டதில்லை. ஒலிபரப்பாகும் நேரத்தில் என்று சொல்ல வேண்டும். டிவிக்காரர்களோடு பழகிப் பழகி நாக்கும் பேனாவும் புரண்டுவிடுகிறது. நம் குரலை நாமே வெளியில் கேட்பது, அடுத்த வீட்டுக்காரர் நம் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரே வந்து நிற்பது மாதிரி இருக்கிறது. சட்டை நம்முடையதுதான். ஆனால் இவ்வளவு தொளதொளவென்றா இருந்தது?

"இனிய ஞாயிறு காலை வணக்கம். எழுந்து காபியோடு உட்காருங்கள், அவசரம் ஒன்றும் இல்லை" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். ஏழு பேர் வேலைக்குப் போகிறவர்கள். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் சாப்பாட்டுப் பை. யாரிடமும் காபி இல்லை.

காலை மெலடி நிகழ்ச்சி செய்வது சுலபம் என்று வெளியில் ஓர் எண்ணம் உண்டு. பழைய பாட்டு இருபதை வரிசையாக அடுக்கிவிட்டால் போதாதா என்பார்கள். போதாது. முதல் பாட்டு தபேலாவில் தொடங்கக் கூடாது. புல்லாங்குழலோ வயலினோ, அதுவும் மெதுவாக உள்ளே வருவதாக இருக்க வேண்டும். பி.பி. ஸ்ரீநிவாஸ் குரலுக்கு அடுத்து உடனே டி.எம்.எஸ். போட்டால் படியில் கால் இடறிய மாதிரி இருக்கும். நடுவில் ஒரு பெண் குரல் வேண்டும். 'ஜானி' 1980இல் வந்த படம். அதன் பாட்டுகளில் எது ஆறரைக்கு, எது ஏழரைக்கு என்று எனக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை யாரிடமும் நிரூபிக்க முடியாது. பிறகு பேச்சு. பாட்டின் முன்னிசை எத்தனை வினாடி என்று மனப்பாடமாகத் தெரிந்தால், அதன் மேல் பேசிக்கொண்டே போய், பாடகர் வாய் திறப்பதற்கு அரை வினாடி முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். இது எங்கள் தொழிலில் பெரிய வித்தை. முன்னிசை எழுதியவருக்குச் செய்யும் துரோகம் என்றும் சொல்லலாம். நான் இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன்.

பதிவு நிகழ்ச்சியில் ஒன்று மட்டும் செய்ய முடியாது. நேரம் சொல்ல முடியாது. இரண்டு நிமிடம் முன்பின்னாகிவிட்டால் மானம் போய்விடும். ஆகவே வெள்ளிக்கிழமை முழுக்க "இந்த இளங்காலையில்", "இந்தப் பொழுதில்" என்று பூசி மெழுகியிருக்கிறேன். பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டபோதுதான் அது எத்தனை தடவை வருகிறது என்று தெரிந்தது. பதினாறு வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன்.

செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் பனி கெட்டியாக இருந்தது. ஏரி தெரியவில்லை, அந்தத் திசையிலிருந்து வந்த ஈரக்காற்றில்தான் அது இருப்பது தெரிந்தது. இங்கே ரேடியோ ஒரு வேடிக்கை செய்தது. என் குரல் மங்கி, பின்னால் தெலுங்கு கேட்டது. யாரோ ஒரு பெண் கடகடவென்று பேசிச் சிரித்தாள். அரை நிமிடம் இருக்கும். பிறகு அவள் போய் நான் வந்தேன். பண்பலை பொதுவாகக் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தை ஒட்டியே போகும். பூமி வளைந்தால் அதற்கு வளையத் தெரியாது. ஆனால் இப்படிப்பட்ட காற்றில்லாத பனிக்காலை விடியலில், கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெப்பக் காற்றும் படுக்கை விரித்த மாதிரி அடுக்காகிவிடும்போது, அலை அந்த அடுக்குக்குள் சிக்கி நெடுந்தூரம் வழுக்கிக்கொண்டு போகும். எங்கோ ஆந்திராவில் இன்னொருவரும் ஞாயிறு காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய பாட்டு என்னுடையதைவிடக் கொஞ்சம் வேகம்.

காதில் மாட்டிய ஒயர்தான் ஏரியல். பண்பலை 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். காதிலிருந்து மடி வரை தொங்குகிற ஒயரின் நீளம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால்தான் ஒயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டால் கரகரக்கிறது. பக்கத்தில் கன்டெய்னர் லாரி வந்து நின்றாலும் கரகரக்கும். இரும்புச் சுவரில் மோதித் திரும்புகிற அலையும் நேராக வருகிற அலையும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். இருங்காட்டுக்கோட்டை சிக்னலில் இரண்டு பக்கமும் கார் ஏற்றிய நீளமான லாரிகள். அங்கே 1998இல் ஹூண்டாய் முதல் சான்ட்ரோவை வெளியே அனுப்பியதிலிருந்து இந்தச் சாலைக்கு இரவு என்பது கிடையாது. லாரிகளுக்கு நடுவில் நான் சொன்ன ஒரு வாக்கியம் முழுசாகக் காணாமல் போனது. நல்லதுதான், அதில் இரண்டு "இந்த இளங்காலை" இருந்தது.

எதற்காகப் பென்னலூர் என்று சொல்லவில்லையே. என் அக்கா மகன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். பென்னலூரில் நான்கு பேராகச் சேர்ந்து ரூம் எடுத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது, "மாமா, நைட் ஷிப்ட் முடிச்சு வந்தா உங்க ப்ரோக்ராம் போட்டுட்டுத்தான் தூங்குவேன். போட்ட அஞ்சு நிமிஷத்துல தூக்கம் வந்துடும்" என்றான். பாராட்டா, புகாரா என்று புரியவில்லை. அக்கா சிரித்தாள். நான் அன்று இரவு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரை எழுப்புவதற்கென்று நான் போடும் நிகழ்ச்சி ஒருவனைத் தூங்க வைக்கிறது என்றால் எங்கே, எப்படி என்று நேரில் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. அதுதான் இந்தப் பயணம். சென்னையிலிருந்து முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர். இதைப் பயணம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

பென்னலூரில் இறங்கும்போது இன்னும் சரியாக விடியவில்லை. எந்தக் கோயிலிலிருந்தோ ஒலிபெருக்கியில் திருப்பாவை. அடுத்த ஊர் ஸ்ரீபெரும்புதூர், 1017இல் ராமானுஜர் பிறந்ததாகச் சொல்லும் ஊர். திருப்பாவையில் அவருக்கு இருந்த பித்தைப் பார்த்து 'திருப்பாவை ஜீயர்' என்றே பெயர் வைத்தார்கள். முப்பது பாட்டில் தோழிகளை வாசல் வாசலாகப் போய் எழுப்புகிற பாட்டுகள் மட்டும் பத்து. நம் ஊரில் காலைப் பாட்டு என்றாலே எழுப்புவதற்குத்தான். பள்ளியெழுச்சி, சுப்ரபாதம், எல்லாம் சாமியையே எழுப்புகிற வேலை. தூங்க வைக்கிற பாட்டு தனி, அது தாலாட்டு, அதற்கு நேரம் இரவு. இந்த ஊரில் அந்தப் பாகுபாடு செல்லாது என்பது இறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சாலையோரச் சுவரில் 'ரூம் வாடகைக்கு' என்று தமிழிலும் இந்தியிலும் நோட்டீஸ். அதன் பக்கத்திலேயே சாக்பீஸால் யாரோ எழுதியிருந்தார்கள்: 'நைட் ஷிப்ட் ஆட்கள் தூங்குகிறார்கள். பகலில் ஹாரன் அடிக்காதீர்.'

டீக்கடையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆசையோடு எட்டிப் பார்த்தேன். ரேடியோ இல்லை. பாய்லருக்கு மேலே ப்ளூடூத் ஸ்பீக்கர், கல்லாவில் செல்போன், யூடியூப்பில் முருகன் பாட்டு. இரண்டு பாட்டுக்கு நடுவில் சிமென்ட் விளம்பரம். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். "ரேடியோ வெக்கிறதில்லீங்களா?" என்றேன்.

"வெச்சிருந்தேன் சார். எலி ஒயரக் கடிச்சிடுச்சு. அப்பறம் யாரு அத ரிப்பேர் பண்றது? ரிப்பேர் பண்றவன் எல்லாம் கம்பெனி வேலைக்குப் பூட்டான்."

டீயை ஆற்றிக்கொண்டே அவராகவே தொடங்கினார். சின்ன வயதில் அவர் வீட்டு மோட்டார் கொட்டகையில் ஒரு டிரான்சிஸ்டர் தொங்குமாம். காலையில் தண்ணீர் திறந்துவிடும்போது இலங்கை வானொலி. கடைசி மடைக்குத் தண்ணீர் வருவதும் 'பொங்கும் பூம்புனல்' முடிவதும் ஒன்றாக இருக்குமாம். "மயில்வாகனம் பேசுனா சார், பக்கத்துல உக்காந்து பேசற மாறி இருக்கும். கத்தவே மாட்டாரு."

இலங்கை வானொலியைப் பற்றி என் தலைமுறை அறிவிப்பாளர்கள் அடக்கமாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் செய்யாத எதையும் நாங்கள் செய்துவிடவில்லை. 1952இல் பி.வி. கேஸ்கர் ஒன்றிய அமைச்சரானதும் சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஏறக்குறைய நிறுத்தியே விட்டார். கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? திருகை நகர்த்திக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். 1950இலேயே அங்கே வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியிருந்தது. இந்திக்காரர்களுக்கு அமீன் சயானி கிடைத்தது அந்த நிலையத்தில்தான். நமக்கு மயில்வாகனம், பிறகு கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத். தில்லி விழித்துக்கொண்டு விவித பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3. ஐந்து வருடத்தில் ஒரு ஊரே திசை மாறிப் பழகிவிடுகிறது. பிறகு திரும்பக் கூப்பிட்டால் அவ்வளவு சுலபத்தில் வராது.

ராஜாவின் வேகம் எல்லாரையும் கட்டிப்போட்டது. எங்களில் பாதிப் பேர் தொழிலுக்கு வந்ததே அவரைப் போலப் பேச வேண்டும் என்றுதான். ஆனால் காலை நேரத்துக்கு மயில்வாகனம் வழிதான் சரி என்பது என் கட்சி. குறைவாகச் சொல்லி ஒதுங்கிக்கொள்வது. கடைக்காரர் சொன்ன "கத்தவே மாட்டாரு" என்பதைவிட நல்ல இலக்கணம் எனக்குக் கிடைக்கவில்லை. அதே நேரத்தில் என் காதில் நான் "அவசரம் ஒன்றும் இல்லை" என்பதை மூன்றாவது தடவையாகச் சொன்னேன். ஒயரைக் கழற்றினேன்.

இந்தச் சாலைக்கும் ரேடியோவுக்கும் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொடங்கியது. அந்தக் காலத்து நோக்கியா போன்கள் பலவற்றில் எப்.எம். உண்டு. ஒயரைச் செருகினால் போதும், நெட் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். 2000த்தின் முதல் பத்து வருடங்களில் தனியார் எப்.எம். நிலையங்கள் தமிழ்நாட்டில் வேர்விட்டதற்குப் பாட்டும் ஆர்ஜேக்களும் எவ்வளவு காரணமோ, அந்தச் சின்ன போன்களும் அவ்வளவு காரணம். பென்ஷன் வாங்குகிறவர் முதல் கட்டட வேலைக்குப் போகிறவர் வரை சட்டைப் பையில் ரேடியோ. 2014 நவம்பர் 1 அன்று அந்தத் தொழிற்சாலை மூடியது. வளாகம் சில வருடம் சும்மா கிடந்து, பின்பு சால்காம்ப் வாங்கி, சார்ஜர் செய்கிறார்கள்.

இப்போது இதே சாலையில் கொஞ்சம் தள்ளி, சுங்குவார்சத்திரத்தில், பாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. ஐபோனில் எப்.எம். கிடையாது. 2017இல் அமெரிக்காவில் புயல் அடித்து செல் கோபுரங்கள் சாய்ந்தபோது, மக்கள் செய்தி கேட்க ரேடியோவைத் திறந்துவிடுங்கள் என்று அந்த நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையத் தலைவர் ஆப்பிளைக் கேட்டார். எங்கள் புதிய போன்களில் அதற்கான சில்லும் இல்லை, ஏரியலும் இல்லை என்று பதில் வந்தது. 2023இல் நம் ஒன்றிய அரசும், போன்களில் எப்.எம். வசதியை முடக்காதீர்கள், இல்லாதவற்றில் சேருங்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. அறிவுரை அறிவுரைதான். காதில் ரேடியோவை வைத்து அனுப்பிய சாலை, இன்று ரேடியோ இல்லாத போனை உலகத்துக்கு அனுப்புகிறது. இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை. வேலை கிடைக்கிறது, அதுதான் பெரிது. ஆனாலும் ஒரு ரேடியோக்காரனுக்கு இந்தத் திருப்பத்தில் நின்று டீ குடிக்கும்போது தொண்டையில் கொஞ்சம் நிற்கத்தான் செய்கிறது.

மணி ஏழுக்குப் பக்கத்தில் பஸ்கள் வர ஆரம்பித்தன. சி ஷிப்ட் என்பது இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை. ஒரகடத்திலிருந்தும் வல்லத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக வெள்ளை பஸ்கள், ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் கம்பெனி பெயரும் ரூட் நம்பரும். ஒவ்வொரு சன்னலிலும் ஒரு தலை சாய்ந்திருந்தது. பஸ் நின்றதும் அக்கா மகன் இறங்கினான். நீல நிற யூனிபார்ம், கண்கள் சிவந்து. "வாங்க மாமா, ரொம்ப நேரமாச்சா?" என்றான். கூட இறங்கிய இரண்டு பேர் ஒடிசாக்காரர்கள். அவர்களும் தலையை ஆட்டிவிட்டு நேராக ரூமுக்கு நடந்தார்கள். டீ எல்லாம் கிடையாது. டீ குடித்தால் தூக்கம் கலைந்துவிடும்.

அந்த பஸ்ஸுக்கு அதுதான் கடைசி ஸ்டாப். டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு டீக்குடிக்க வந்தார். ஐம்பது வயது, வந்தவாசிப் பக்கம். அக்கா மகன் அறிமுகம் செய்தான்: "எங்க மாமாண்ணே, மெட்ராஸ்." பேச்சு பாட்டில் போய் நின்றது. நான்தான் கொண்டுபோய் நிறுத்தினேன். பஸ்ஸில் பாட்டுப் போடுவீர்களா என்று கேட்டேன்.

"பாட்டு போடாம ஓட்ட முடியுமா சார்?" என்றார். "ஆனா போற ட்ரிப்பு வேற, வர்ற ட்ரிப்பு வேற. நைட்டு ஒம்போது மணிக்கு இட்டுனு போறப்ப குத்துப் பாட்டு. அப்பத்தான் கண்ணு தொறக்கும். காலைல அதே பாட்ட போட்டன்னு வெய்யி, மனசுக்குள்ள திட்டுவாங்க."

காலையில் அவருக்கு ஒரு முறை இருக்கிறது. கேட் தாண்டி முதல் மூன்று கிலோமீட்டர் பாட்டே கிடையாது. உள்ளே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். எட்டு மணி நேரம் கழித்துக் கையில் கிடைத்ததும் எல்லாரும் வீட்டுக்குப் பேசுவார்கள். "அந்த நேரத்துல பாட்டு போட்டா அந்தப் பக்கம் இருக்கற அம்மாவுக்குக் கேக்காது." பேச்சு ஓய்ந்து, ஒவ்வொரு தலையாகச் சாயத் தொடங்கும்போது ஸ்பீக்கரைத் திறப்பார். பின்னால் இருக்கிற ஸ்பீக்கர் இரண்டையும் அணைத்துவிட்டு, முன்னால் இருக்கிறது மட்டும். எல்லாம் எண்பதுகள் இளையராஜா, கொஞ்சம் எம்.எஸ்.வி. சோகப் பாட்டு ஆகாது. முன்பு வல்லம் வடகால் ஹாஸ்டல் பஸ் ஓட்டியபோது ஒரு பெண் பாட்டு கேட்டு அழுதுகொண்டே வந்தாளாம். மறுநாளே அந்தப் பாட்டை அழித்துவிட்டார். அங்கே 2024இல் பெண் தொழிலாளர்களுக்கென்று சிப்காட் கட்டித் திறந்த விடுதியில் 18,720 பேர் தங்கலாம். அத்தனை பேரும் ஏதோ ஒரு ஊரிலிருந்து வந்தவர்கள். எந்தப் பாட்டு யாருக்கு எந்த ஊரைக் கிளப்பும் என்று யார் கண்டது?

"ரேடியோ போட மாட்டீங்களா?" என்றேன். அக்கா மகன் என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் மேசைக்குக் கீழே அவன் காலை மிதித்தேன்.

"போட்டுனுதான் இருந்தேன். ஞாயித்துக்கெழம காலைல பாட்டு நல்லாத்தான் வருது. ஆனா நடுநடுவுல ஒருத்தரு வந்து பேசுவாரு. அவரும் நல்லாத்தான் பேசறாரு, கொற சொல்லல. எழுந்திரு, காபி குடி, லீவு நாளு, அப்டி இப்டின்னு. இவங்களுக்கு எங்க சார் லீவு? வீக் ஆப் புதன்கெழம. அவரு பேசுனா தூங்கற புள்ளைங்க முழிச்சிக்கும். அப்பறம் விளம்பரம் வேற ஒரே கத்து. அதான் பென் டிரைவுல போட்டுக்கினேன்."

நான் டீ கிளாஸை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் தூள் இரண்டு துணுக்கு.

பஸ்ஸில் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஓடும்போது வெளியாளை ஏற்றக் கூடாது, நிற்கும்போது பரவாயில்லை என்றார். டிரைவர் சீட்டுக்கு மேலே பழைய மாடல் செட். அதில் செருகியிருந்த பென் டிரைவில் வெள்ளை டேப் ஒட்டி, பால்பாயின்ட் பேனாவில் 'காலை' என்று எழுதியிருந்தது. 'இரவு' டேஷ்போர்டில் விநாயகருக்குப் பக்கத்தில் கிடந்தது. காலையைப் போட்டுக் காட்டினார். முதல் பாட்டு வயலினில் ஆரம்பித்தது. இரண்டாவது பி. சுசீலா. மூன்றாவது தொடங்கும்போது எனக்கு லேசாக வியர்த்தது. இரண்டு ஆண் குரலுக்கு நடுவில் ஒரு பெண் குரல் வைத்திருக்கிறார். தபேலா தூக்கலாக இருக்கிற பாட்டு ஒன்றுகூட முதல் ஐந்தில் இல்லை. எந்தக் கன்சோலிலும் உட்கார்ந்தவர் இல்லை, கியூ ஷீட் என்றால் என்னவென்று தெரியாது. முப்பது தலைகளை முன் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வரிசை போட்டிருக்கிறார். எனக்கு அந்தக் கண்ணாடி கிடையாது. என் எதிரே இருப்பது பஞ்சு ஒட்டிய சுவர்.

"ஸ்டாப் வந்தா எப்படி எழுப்புவீங்க? பேர் சொல்லிக் கத்துவீங்களா?"

"எதுக்குக் கத்தணும்? பாட்ட நிறுத்திருவேன்" என்றார். "பாட்டு நின்னா முழிச்சிக்குவாங்க."

நம்பாதது மாதிரி பார்த்திருப்பேன் போல. "நெசமா சார். வண்டி நின்னாகூட முழிக்க மாட்டாங்க. பாட்டு நிக்கணும்."

ரூம் இரண்டு சந்து தள்ளி. மாடிப்படி ஏறும்போதே ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் ஜோடி ஜோடியாகக் கனத்த சேப்டி ஷூ. சன்னலுக்குப் போர்வை மாட்டி வெளிச்சத்தை அடைத்திருந்தார்கள். ஒடிசாப் பையன்கள் அதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்கள். அக்கா மகன் தட்டில் இரண்டு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு, "நீங்க கட்டில்ல உக்காருங்க மாமா, நான் கீழ படுத்துக்கறேன்" என்றான். அந்த டிரைவர் அண்ணன் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னான். வைத்துக்கொள்ளவில்லை என்றேன். பொய்.

அவன் தலைமாட்டில் ஒரு சின்ன ரேடியோ. போன ஆடி மாதம் நான்தான் வாங்கிக் கொடுத்தது, மறந்தே போயிருந்தேன். அவனுடைய போனில் எப்.எம். இல்லை. காதில் ஒயர் மாட்டினால் தூக்கத்தில் கழுத்தில் சுற்றிக்கொள்கிறது என்று ஸ்பீக்கரிலேயே, ஒருவருக்கும் தொந்தரவில்லாத அளவுக்கு, கொசு முனகுகிற மாதிரி வைத்தான். மணி ஏழே முக்கால். எண்பதுகளின் பாட்டு ஒன்று முடிந்துகொண்டிருந்தது. முடிந்ததும் என் குரல். அந்த இருட்டு அறையில், மூன்று பேர் படுத்திருக்கையில், "இன்றைய நாள் உங்களுக்கு எப்படி விடிந்திருக்கிறது?" என்று கேட்டேன். கேள்வி கேட்டுவிட்டுச் சிரித்தும் வைத்திருக்கிறேன். கொஞ்ச நஞ்சமல்ல, நன்றாகவே.

அக்கா மகன் அதற்குள் தூங்கிவிட்டான். அவன் சொன்ன ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கையில் இட்லித் தட்டின் ஈரம் காயவில்லை.

இனி எனக்கு அங்கே வேலை இல்லை. எட்டு மணிக்குள் இன்னும் ஒரு முறை நான் பேச வேண்டியிருக்கிறது, விடைபெறுகிற பேச்சு, நீளமானது. அதில் காபி மறுபடி வரும் என்று ஞாபகம். அது ஒருவரையும் எழுப்ப வேண்டாம் என்று குனிந்து, சத்தம் வராமல் திருகைத் திருப்பி ரேடியோவை அணைத்தேன்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"ஏன் மாமா நிறுத்திட்டீங்க?"